கட்டை மேல் நின்ற கார்

தை மாதம் ஐயப்ப சீசன் முடிந்த மறுவாரம் அப்பா பழைய குற்றாலத்தில் வழுக்கி விழுந்தார். சவாரி வந்தவர்கள் அருவியில் நின்றபோது அவர்களுடைய தூக்குச்சட்டி பாறையில் உருண்டிருக்கிறது. அதைப் பிடிக்கப் போய் இடது காலை முழங்காலுக்குக் கீழே முறித்துக்கொண்டார். தூக்குச்சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆனி மாதம் வரைக்கும் கிளட்சை மிதிக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்களுடையது மஞ்சள் மேல்கூரை போட்ட கறுப்பு அம்பாசிடர் டாக்சி. குற்றாலம் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் எல்லாரும் யாரோ ஒரு முதலாளியின் வண்டியைத்தான் ஓட்டினார்கள். சொந்தமாக வைத்து ஓட்டியவர் அப்பா ஒருவர்தான். சிவனணைந்தபெருமாள் என்ற பெயர் வாய்க்கு நீளம் என்பதால் ஸ்டாண்டில் அவரை 'சொந்த வண்டி' என்றே கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

கட்டு காய்வதற்குள் சுரண்டை முத்துராமலிங்கம் வந்துவிட்டார். பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். யாருக்குக் கை கால் முடங்கினாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, வெளி ஆள் வந்தால் எனக்கு அதுதான் இடம்.

"பெருமாளு, ஓடுத வண்டிக்குத்தான் விலை. நிக்குத வண்டி வெறும் இரும்பு. நாலஞ்சு மாசம் நின்னா பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். இப்பவே குடுத்துரு. கால் சரியானதும் என் வண்டி ஒண்ணை நீ ஓட்டு. சம்பளம் தாரேன்."

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சம்பளம் என்ற சொல் வந்ததும் அவர் கழுத்து நரம்பு ஒரு தடவை துடித்தது. அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆனி ஒண்ணாந்தேதி வாங்க அண்ணாச்சி. அன்னைக்கு வண்டி ஓடலைன்னா நீங்க சொல்லுத விலைக்குச் சாவியை நானே உங்க கையில தாரேன்."

"அதுவரைக்கும் யாரு தங்கச்சி வண்டியைப் பாத்துக்கிடுவா?"

"நான்தான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அப்பாவையும் பார்த்தார். அவர் போனபிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"ஏட்டி வடிவு, உனக்கு வண்டியில என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்லா? வாய்க்கா கட்டுப் போட்டிருக்கு?"

மறுநாளே வேலை தொடங்கியது. வண்டி ஓலைக் கொட்டகையில் நின்றது. அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். அங்கிருந்து அவர் கத்த, அம்மாவும் நானும் செய்தோம். முதலில் ஜாக்கியைக் கொடுத்து ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, புளியமரக் கட்டைகளை அச்சுக்கு அடியில் வைத்தோம். டயர் தரையில் அழுந்தியே கிடந்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடுமாம்.

"ஏட்டி முப்பிடாதி, கையை அடியில விடாத! ஜாக்கி சறுக்குனா உனக்கும் மாவுக்கட்டுதான்!" என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கட்டு போதும்" என்றாள் அம்மா, ஜாக்கிக் கம்பியைச் சுற்றிக்கொண்டே.

நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பியதும் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டோம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் பலகை மேல் வைத்தோம். டாங்கியில் இருந்த பெட்ரோலை வடித்தோம். ரேடியேட்டர் தண்ணீரையும் திறந்துவிட்டோம். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளுக்குள் அம்மா நெய்க் கரண்டியால் என்ஜின் ஆயில் ஊற்றினாள். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக ஊற்றினாள். பின் சீட்டைக் கழற்றிக்கொண்டுபோய் வீட்டுச் சுவரோரம் போட்டோம்.

அப்பா சொன்னதெல்லாம் முடிந்தபிறகு அம்மா தன் வேலையை ஆரம்பித்தாள். நெல் குலுக்கைக்குள் பூச்சி வராமல் இருக்கப் போடுகிற நொச்சி இலையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, சீட்டுக்கு அடியிலும் டிக்கிக்குள்ளும் பரப்பினாள்.

"அது வண்டியா நெல்லாட்டி?" என்றார் அப்பா.

"ரெண்டும் சோறு போடுததுதான."

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கத்த வாய்ப்புக் கிடைத்தது. அம்மா வண்டியை லெட்சுமி என்று நினைத்துக்கொண்டு, சக்கரங்கள் வெயிலில் வெடித்துவிடாமல் இருக்க, நாலு டயருக்கும் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். நானும் கூடச் சேர்ந்து பளபளவென்று தேய்த்தேன்.

"அடி பாவி, ரப்பரு ஊறிப் போயிரும்! கழுவு, உடனே கழுவு!"

எண்ணெய் போக என்ன செய்ய? அம்மாவுக்குத் தெரிந்தது சீயக்காய்தான். நாலு டயருக்கும் சீயக்காய் போட்டு நார் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஷமீம் பானு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வடிவக்கா, காருக்குத் தலைக்கு ஊத்துதீங்களா? சாம்பிராணியும் போட்டு விடுங்க!"

தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் கை நிற்கவில்லை.

வாரம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் ஹேண்டிலை மாட்டி என்ஜினைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பிடித்துக்கொள்ளும் என்று அப்பா சொல்லியிருந்தார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். தனியாகச் சுற்றிப் பிடித்தால், ஹேண்டில் திருப்பி அடிக்கும்போது விரல் போய்விடும். முதல் வாரம் அம்மாவால் அரைச் சுற்றுக்கு மேல் முடியவில்லை. சித்திரையில், பேசிக்கொண்டே சுற்றினாள். வெயில் நல்ல நாளில் நாலு கதவையும் திறந்துவைத்து, நெல்லைக் காயப் போட்டுக் காவல் இருக்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

பங்குனியில் முத்துராமலிங்கம் ஒரு தடவை வேவு பார்க்க வந்தார். வீட்டுக்குள் சுவரோரம் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, "வண்டி எங்க தங்கச்சி? துரு ஏறிட்டுதா?" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கதே வண்டிதான் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

அவர் சட்டென்று எழுந்து பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

வைகாசி கடைசியில் அப்பாவின் கால் தேறிவிட்டது. வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கினோம். கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி, பெட்ரோலும் தண்ணீரும் ஊற்றினோம். ஆனி ஒன்றாம் தேதி காலையில் சாரல் ஆரம்பித்திருந்தது. முத்துராமலிங்கம் சலவை வேட்டியில், குடையில்லாமல், டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பையில் இழுவைக் கயிறு இருந்தது. அதை எங்கள் கண்ணுக்குத் தெரியும்படி கொட்டகைக் காலில் மாட்டினார்.

அம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா உள்ளே ஏறி செல்ஃப் ஸ்டார்ட்டரை இழுத்தார். 'கட்' என்று ஒரு சத்தம் வந்தது. திரும்ப இழுத்தார். அந்தச் சத்தமும் வரவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் முத்துராமலிங்கம். குரலில் சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை. இனிமேல் ஸ்டாண்டில் அப்பாவை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பா ஹேண்டிலை எடுக்க இறங்கப் போனார். அம்மா கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டாள்.

"நீங்க உள்ள இருந்து சோக்கை இழுத்துப் பிடிங்க. இது என் வேலை."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் குனிந்தாள். ஒரு சுற்று. ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை என்ஜின் தும்மியது. மூன்றாவதில் அம்பாசிடர் உடம்பு முழுக்கக் குலுங்கிப் பிடித்துக்கொண்டது. நெய்க் கரண்டியால் ஊற்றிய ஆயிலெல்லாம் நீலப் புகையாகக் கொட்டகையை அடைத்தது. முத்துராமலிங்கம் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். புகை கலைந்தபோது வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கிளட்சை மிதித்தார், விட்டார், திரும்பவும் மிதித்தார்.

"வலிக்கா?" என்றாள் அம்மா.

"இல்ல."

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி தெருவுக்கு வந்தது. சாரல் இப்போது மழையாகவே பெய்தது. முத்துராமலிங்கத்தின் சலவை வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா எட்டிப் பின் கதவைத் திறந்துவிட்டார்.

"சுரண்டைக்குத்தான அண்ணாச்சி? ஏறுங்க."

அவர் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டே, "எவ்வளவுன்னு பேசிக்கிட்டு ஏறுவோம். நமக்குள்ள பாத்துக் கொறச்சு..." என்று இழுத்தார்.

"சீசன் போணி அண்ணாச்சி" என்றாள் அம்மா. "போணில பேரம் பேசுனா வருசம் முழுக்க வெளங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா? வியாபாரம் பண்ணுத ஆளு."

அவர், தான் வாங்க வந்த வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இழுவைக் கயிற்றை நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்து ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன். கதவுக்குப் பின்னால் நிற்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஸ்டாண்டு வழியாகப் போகும்போது அப்பா ஹாரனை அழுத்தியது எங்கள் தெரு வரை கேட்டது.

அம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பாக இருந்தது. நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். "இருக்கட்டும்" என்றாள். அந்தக் கையோடேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். வரிசையில் நின்ற ஷமீம் பானு அக்கா, "என்ன வடிவக்கா, கையெல்லாம் ஒரே கரி?" என்றாள்.

"கரி இல்ல பானு" என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. "கிரீஸ்."