தெருவைத் தாண்டிய கடைசி பெஞ்சு

கிட்ட வாங்க, கண்ணுகளா. பின்னால் நிற்கிறவர்களும் வாங்க. இது எட்ட நின்று கேட்கிற கதை இல்லை.

கணக்கு வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்கும்போதெல்லாம் அவருடைய வகுப்பறை ஒரு சாண் நீண்டது. முன் வரிசைப் பிள்ளைகள் "புரிஞ்சுது சார்" என்று ராகம் போட்டு முடிப்பதற்குள் பின் சுவர் ஓசையில்லாமல் நகர்ந்துவிடும். கூடவே கடைசி பெஞ்சும் போகும். வாத்தியார் கெட்டவர் இல்லை, பிரம்பைத் தொடாதவர். ஆனால் அந்த ராகம் காதில் விழுந்ததும் போர்டை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். முதல் வருடம் சுவர் விளையாட்டுத் திடலைத் தாண்டியது. அடுத்த வருடம் தெருவையும் தாண்டித் தையல்காரர் வீட்டுக்குள் புகுந்தது. அவர் தைத்த சட்டைகளை வகுப்பறை ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தார். தெருவில் போகிற வண்டிகளுக்காக நடு வகுப்பில் எதிரெதிராக இரண்டு கதவுகள் வைத்தார்கள். பள்ளிக்கூடம் ஆயிற்றே, ஹாரன் அடிக்கக் கூடாது என்று பலகையும் வைத்தார்கள். பார்வையிட வந்த கல்வி அதிகாரி முன் வரிசையோடு நின்றுகொண்டு, நல்ல காற்றோட்டமான வகுப்பு என்று பாராட்டி, டீ குடித்துவிட்டுப் போனார். அந்த டீ அவருக்குச் செரித்ததே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் போர்டு தபால்தலை அளவுக்குத் தெரியும். அங்கே நான்கு பிள்ளைகள். அதில் ஒருத்தியை எல்லோரும் சிடுமூஞ்சி என்பார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிற அம்மாளின் ஒரே மகள். மூன்றாம் வருடம் அந்த பெஞ்சு அட்டைப்பெட்டிக் கம்பெனியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனி மேஸ்திரி எட்டிப் பார்த்தான். "கண்ணு போர்டைப் பாக்கட்டும், கை சும்மாதானே இருக்கு" என்று ஆளுக்கொரு கட்டு அட்டையும் பசைக் கிண்ணமும் கொடுத்தான். பிள்ளைகள் பெட்டி ஒட்டினார்கள். வகுப்புக்குள்தான் இருந்தார்கள் என்பதால் வருகைப் பதிவில் ஒரு குறையும் இல்லை. கம்பெனிக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது: கேட்டுக்கு உள்ளே வந்ததெல்லாம் கம்பெனியுடையது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் பெஞ்சு உள்ளே போய்விடும். நான்கு பேருக்கும் கம்பெனிச் சீருடை தைக்கச் சொல்லி மேஸ்திரி துணி கொடுத்தனுப்பினான். தையல்காரருக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. துணியை அப்படியே வைத்துவிட்டுப் போய் சிடுமூஞ்சியின் அம்மாளிடம் சொன்னார்.

அவள் ஈரக்கையோடு வகுப்புக்கு வந்தாள். எல்லாருக்கும் புரிகிறது, உங்கள் பெண்தான் கவனிப்பதில்லை என்றார் வாத்தியார்.

"யாரு சார் எல்லாரும்? உங்க மூக்குக்கு முன்னாடி இருக்கறவங்களா? வாங்க, என் பொண்ணு மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்லுங்க."

"பாடம் நடந்துக்கிட்டு இருக்கும்மா."

"பாடம் நடக்குது. நீங்கதான் நடக்க மாட்டேங்கறீங்க."

வாத்தியார் நடந்தார். திடலைக் கடந்து, வண்டிகளுக்கு வழிவிட்டு, தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டு, வெயில் உச்சிக்கு வந்தபோது போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளின் விரல்களில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது வாய் பழகினதைத்தானே பேசும்? "புரிஞ்சுதா?" என்றார். பழகிய மூன்று வாய்கள் "புரிஞ்சுது சார்" என்றன. பெஞ்சு நகர்ந்தது. அம்மாள் அதன் காலைப் பிடித்து இழுத்தும் பாதி பெஞ்சு கேட்டுக்குள் போய்விட்டது. மீதியும் வரட்டும், மூடிவிடலாம் என்று மேஸ்திரி கேட்டில் கைவைத்துக் காத்து நின்றான்.

நாலாவது வாய் திறந்தது.

"எங்க புரியாமப் போச்சுன்னு கேளுங்க சார். ஒரு தடவையாவது அப்படிக் கேளுங்க. எப்பப் பாத்தாலும் புரிஞ்சுதா புரிஞ்சுதான்னா, இல்லேன்னு சொல்றதுக்கு எடம் எங்க இருக்கு?"

வாத்தியார் அப்படியே கேட்டார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் நின்றார். அத்தனை வருட உத்தியோகத்தில் அவர் பட்ட பெரிய பாடு அதுதான்.

"பாதியைப் பாதியால வகுத்தா ஒன்னுன்னு எழுதிப் போட்டீங்க. வகுத்தா குறையணும்ல? எப்படிக் கூடும்?"

தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பெருக்கு என்கிற விதி அவருக்குத் தெரியும். ஏன் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. "எனக்கும் தெரியாதும்மா" என்றார்.

பெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்தது.

"சார், உள்ள வந்தது வந்ததுதான்" என்றான் மேஸ்திரி. அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஓர் அட்டையைப் பாதியாகக் கிழித்துக்கொண்டிருந்தான். "வகுக்கறதுன்னா, இதுக்குள்ள அது எத்தனை தடவை போகும்னுதானே? பாதிக்குள்ள பாதி எத்தனை தடவை போகும்?"

"ஒரு தடவை" என்றாள் சிடுமூஞ்சி, கோபம் குறையாமலே. "இதுக்கா மூணு வருஷம்?"

இன்னொரு சாண் வந்தது.

மறுநாளிலிருந்து வாத்தியார் ஓரிடத்தில் நிற்கவில்லை. பின் வரிசையிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். எந்த இடத்தில் வழி தப்பியது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டார். பக்கத்தில் இருக்கிறவளுக்கு உன் வாயால் சொல்லு என்றார். விடையை ஸ்லேட்டில் எழுதி எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டச் சொன்னார். அப்போது யாரும் யாருடைய ராகத்துக்குள்ளும் ஒளிய முடியாது. பாடம் ஆமையாக ஊர்ந்தது. முன் வரிசைப் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். சுவர் தெருவைத் தாண்டிப் போனபோது வாய் திறக்காத அதே அதிகாரி, பாடத்திட்டம் பின்தங்கிவிட்டது என்று கண்டிக்க ஓடோடி வந்தார். அதற்குள் சுவர் தையல்காரர் வீட்டை விட்டு, தெருவை விட்டு, திடலையும் விட்டு வந்திருந்தது.

ஒரு சாண் மட்டும் வரவில்லை. மற்ற வகுப்புச் சுவர்களைவிட அந்தச் சுவர் இன்றும் ஒரு சாண் துருத்திக்கொண்டு நிற்கிறது. மழை பெய்தால் அங்கே ஒழுகும். இடித்துச் சரிசெய்யக் கொத்தனார் வந்தபோது சிடுமூஞ்சி விடவில்லை. "அது எங்க மூணு வருஷம். இருக்கட்டும், எல்லாரும் இடிச்சுக்கிட்டுப் போகட்டும்" என்றாள். கொத்தனார் சரியென்று ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போனார். இப்போது பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் வேறெதையும் விசாரிப்பதில்லை. வகுப்பறையைக் கோடியிலிருந்து கோடிவரை நடந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

உங்கள் வீடுகளில் உலை கொதிக்கட்டும், கண்ணுகளா, விளக்கு நின்று எரியட்டும். ஒரு பிள்ளை எனக்குப் புரியவில்லை என்று சொன்னால், அந்த வீட்டில் ஒருத்தரும் சிரிக்காமல் இருக்கட்டும்.