பாப்கார்ன் நல்லது, ஆனால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. ஒரு வார இதழின் ‘நலம்’ பக்கத்துக்குக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பு, ‘பாப்கார்ன் உடம்புக்கு நல்லதா?’ அரைப் பக்கம் போதும் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டியது. ஒரு வாரமாக விழி பிதுங்கிக்கொண்டிருக்கிறது.

‘நான்’ என்று எழுதினால் மானம் போகும். அதனால் இனி அந்த ஆளை ‘எழுத்தாளர்’ என்றே கூப்பிடுவோம்.*

* அவர் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

2

எழுத்தாளர் தொடங்கிய விதங்கள்:

‘மனித நாகரிகத்தின் வரலாறு என்பதே மொறுமொறுப்பின் வரலா (வேண்டாம். சோளத்துக்கு இவ்வளவு பீடிகை ஆகாது.)

‘சோள மணிக்குள் சிறைப்பட்ட ஒரு துளி நீர் விடுதலைக்கு ஏங் (இது நலம் பக்கம். கவிதைப் பக்கத்தை எப்போதோ மூடிவிட்டார்கள்.)

‘பாப்கார்ன் முழுத்தானியம். நார்ச்சத்து உண்டு. உப்பையும் வெண்ணெயையும் கொட்டினால்தான் வம்பு.’

மூன்றாவது சரியாக இருந்தது. கட்டுரையும் அதோடு முடிந்துவிட்டது. மிச்ச இடத்தை எதைப் போட்டு நிரப்புவது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். எழுத்தாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தலைப்பைச் சொல்லிவிட்டார்.

3

எழுத்தாளரின் சிறுகதை ஒன்றைக்கூட அக்கா படித்ததில்லை. நலம் பக்கத்தை மட்டும் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். ஒட்டிவிட்டால் அந்த வீட்டில் அது சட்டம். காபியைப் பற்றி இவர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதப்போய், மாமாவுக்கு இரண்டாவது காபி நின்றுபோனது.

(மாமா என்பவர் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் மாரடைப்பு வந்து பிழைத்தவர். உப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.)

“கெட்டதுன்னு எழுதுடா” என்றாள் அக்கா. “இந்த மனுஷன் சாயங்காலமானா கிண்ணத்தை வெச்சுக்கிட்டு உக்காந்துடறாரு. அதுல உப்பை வேற ஆட்டி ஆட்டிக் கொட்டறாரு. எனக்குப் பயமா இருக்குடா.”

வீட்டுக்குள் வந்த பாம்பைத் துடைப்பத்தாலேயே தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டவள் அவள். பயம் என்று அவள் சொல்லி எழுத்தாளர் கேட்டதில்லை. பாத்திரம் பயப்படும் இடத்தில்தான் கதைக்கு உயிர் வருகிறது என்று மேடையில் பேசியிருக்கிறார். இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டார்.

4

அன்று சாயங்காலமே கிளம்பிப் போனார். (கள ஆய்வு என்று சொல்லிக்கொண்டார். ஓசியில் பாப்கார்ன் கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது.)

மாமா சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிண்ணம், கையில் மூடியில் ஓட்டை போட்ட எவர்சில்வர் டப்பா. சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு ஆட்டினார். சரக் சரக் சரக்.

“ஏங்க! உங்களுக்கெல்லாம் அறிவுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?” அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள். “டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க என்ன பண்றீங்க? கொண்டாங்க இப்படி. இதை நான் தின்னுத் தொலைச்சாலாவது உங்களுக்குக் குறையும்!”

பக்கத்தில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே பாதியைத் தின்றாள். பால் பொங்கும் வாசனை வரவும் ஓடினாள்.

எழுத்தாளர் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டார். சப்பென்று இருந்தது. டப்பாவை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. மூடியைத் திறந்தார். உள்ளே பொரிக்காத சோள மணிகள் நாலைந்து கிடந்தன.

“சத்தம் போடாத மாப்ளே” என்று மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்புறம் உங்கக்கா எங்கிட்ட பேசறதையே விட்டுட்டா. மாத்திரை போட்டீங்களா, தண்ணி வேணுமா, அவ்வளவுதான். அதுவும் நர்ஸ் மாதிரி மெதுவா. எனக்கு நான் செத்துட்டேனோன்னே தோணிப்போச்சு. இதை ஆட்டினாத்தான் பழையபடி கத்துறா.”

5

இங்கே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. எழுத்தாளர் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டு மேலே உள்ளதைத் திருப்பிப் படித்தார். ‘திட்டிக்கொண்டே பாதியைத் தின்றாள்’ என்ற வரியில் மாட்டிக்கொண்டார்.

தின்றாள் என்றால்? அவள் நாக்கு நன்றாகத்தானே இருக்கிறது? (இது உறைக்க ஒரு வாரம். இதில் எழுத்தாளர் என்று பட்டம் வேறு.)

போன் செய்தார்.

“அக்கா, அந்தப் பாப்கார்ன்ல உப்பு இருக்கா?”

மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“நீயும் தின்னியா?” என்றாள். குரலைத் தாழ்த்தி, “டப்பால உப்பில்லைன்னு எனக்கு மொத நாளே தெரியும்டா” என்றாள். “ஆம்புலன்ஸ்ல போறப்ப, இவரை எத்தனை பேச்சு பேசியிருக்கோம்னு நெனச்சு நெனச்சு அழுதேன். அப்புறம் வாயைத் திறக்கவே பயம். நான் கத்தி இவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? இவரு டப்பாவை ஆட்டினப்புறம்தான் எனக்குத் திட்டவே வந்துச்சு.”

“அப்ப கெட்டதுன்னு என்னை எதுக்கு எழுதச் சொன்னே?”

“சொன்னதையே எத்தனை நாளைக்குடா சொல்றது? புதுசா ஏதாவது வேணாமா? கெட்டதுன்னு நல்லா அழுத்தி எழுது. நிறுத்தணும்னு மட்டும் எழுதிடாத.”

6

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

நல்லது என்று எழுதலாம். உப்பில்லாதவரை உண்மையும் அதுதான். ஆனால் ஃப்ரிட்ஜ் கதவில் அது ஏறியதும் அக்காவின் வாய் அடைத்துப்போகும். மாமா மறுபடி நோயாளியாகிவிடுவார்.

கெட்டது, நிறுத்துங்கள் என்று எழுதலாம். கிண்ணமே போய்விடும்.

அக்கா சொன்னபடியே, கெட்டது என்று மட்டும் சொல்லி, நிறுத்தச் சொல்லாமல் எழுதிவிடலாம். ஆனால் அதே பக்கத்தை மற்ற வீடுகளிலும் படிக்கிறார்கள். அங்கே டப்பாவுக்குள் இருப்பது நிஜ உப்பு. அங்கேயும் யாரோ ஒரு அக்கா பயந்துகொண்டிருப்பாள்.

பக்கத்தை இன்று அச்சுக்கு அனுப்ப வேண்டுமாம், ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கடைசி வரியை உங்களிடம் விடுகிறேன். (விடுகிறார் என்று எழுதியிருக்க வேண்டும். போகட்டும், அவள் என் அக்கா.) பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைத்தான் அவள் கத்தரித்து ஒட்டுவாள்.

பாப்கார்ன் நல்லது, ஆனால்