ஆண்ட்ரூவின் தொண்டை

கத்திரி போய்விட்டது என்று பேர்தான், வெயில் அப்படியேதான் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த ஜூன் மாதத்தில் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் தெருவில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? திருவொற்றியூர் டிரம் கம்பெனி கேட்டுக்கு எதிரே போட்டிருந்த கீற்றுப் பந்தலில் ஆண்ட்ரூ அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பில் உப்புத் தண்ணீர். யாராவது தன்னைப் பார்ப்பதாகத் தோன்றினால் ஒரு வாய் ஊற்றி, அண்ணாந்து கொப்பளித்து, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வருவார்.

எண்ணெய் டிரம்களுக்கு வெல்டு அடிக்கிற செக்‌ஷன் அவருடையது. தகரத்தோடு தகரம் மோதுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவனிடம் ஸ்பானர் கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். இத்தனை வருஷமாய்க் கத்திக் கத்தி வந்த குரல் அது. யூனியனில் கோஷம் போடுவதென்றால் ஆண்ட்ரூதான், மைக் எல்லாம் வேண்டாம். அவர் ஒரு தடவை எடுத்துக் கொடுத்தால் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருக்கும் டீயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் குரல் இப்போது கட்டிக்கிடந்தது. அவருக்குப் பதிலாக அவருடைய கூட்டாளி அத்தாவுல்லா எடுத்துக் கொடுத்தார்.

“திறந்து விடு! திறந்து விடு!”

“கேட்டைத் திறந்து விடு!” என்று பந்தல் பதில் சொன்னது. சொன்னது என்று பேர், பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். அத்தாவுல்லா ஆஸ்துமாக்காரர். அடுத்த வரிக்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

பர்சனல் மேனேஜர் ஆறுமுகநயினார் காரை விட்டு இறங்கினார். கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த பெரிய கேட்டின் திட்டிவாசலில் குனிந்து உள்ளே போனார். குனிவதற்கு முன்னால் ஆண்ட்ரூவின் கழுத்துத் துண்டைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஆண்ட்ரூ தரையைப் பார்த்துக்கொண்டார்.

கேட்டைப் பூட்டியது பங்குனியில். புதிதாக வந்த காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வெல்டு அடிக்கச் சொல்லிக்கொடு, சொல்லிக்கொடுத்த கையோடு வி.ஆர்.எஸ்.ஸில், அதாவது நீயே விரும்பி ஓய்வு கேட்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றது கம்பெனி. மாட்டோம் என்றார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்களைச் சங்கிலிதான் வரவேற்றது. காண்ட்ராக்ட் ஆட்களும் லாரிகளும் பின்பக்கச் சந்து வழியாகப் போய் வந்துகொண்டிருக்க, உள்ளே டிரம் உருளுகிற சத்தம் நிற்கவேயில்லை. வெளியே உட்கார்ந்து அதைக் கேட்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆண்ட்ரூவின் தொண்டை கெட்டதற்குக் காரணம் அவருடைய மகள் ரேச்சல். அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

பி.ஏ. முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. படிக்க எழுதிப் போட்டிருந்தாள். சமூகப் பணி என்று அதற்குத் தமிழில் பெயர். “சேவ செய்றதுக்கெல்லாமா படிப்பு வெச்சிகீறாங்க? கொழாயடி சண்டைய நான் படிக்காமயே தீத்து வெக்கிறேனே,” என்று பக்கத்து வீட்டு பவுனம்மாள் கேலி செய்தாள். ரேச்சல் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். அந்தப் படிப்பு படித்தால் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராகலாம் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாற்காலிமீது அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு கண். ஆண்ட்ரூவின் முன்கையில் வெல்டு பொறி பட்டுச் சதை வெந்தபோது, ‘வீட்டில் அடுப்பு பட்டது’ என்று எழுதி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கையெழுத்து வாங்கிப் போன வெல்ஃபேர் ஆபீசர் இந்த ஆறுமுகநயினார்தான். அப்போது மேனேஜராகவில்லை.

எழுதிப் போட்ட இரண்டு காலேஜில் ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றிலிருந்து இன்டர்வியூ வந்தது. ரேச்சல் போய்விட்டு வந்து, “நல்லாத்தான் பண்ணேன், பாக்கலாம்,” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை ஆறுமுகநயினார் ஆண்ட்ரூவைப் பந்தலோரம் தனியாகக் கூப்பிட்டார்.

“ரேச்சல் உன் பொண்ணுதானே? நேத்து காலேஜ்ல பார்த்தேன். நான் அங்க படிச்சவன், அதனால இன்டர்வியூ போர்டுல என்னையும் போட்டிருந்தாங்க. கெட்டிக்காரப் பொண்ணு. லிஸ்ட் இன்னும் முடிவாகல. மாசக் கடைசி ஆகும்.” கொஞ்சம் நிறுத்தினார். “உனக்கும் வயசாகுது ஆண்ட்ரூ. எதுக்கு இந்தக் கத்து கத்துற? தொண்டையைப் பார்த்துக்கோ.”

அவ்வளவுதான் பேச்சு. மிரட்டினார் என்று யாரிடமாவது போய்ச் சொல்ல முடியுமா? அக்கறையாகத்தானே கேட்டிருக்கிறார் என்பார்கள். அன்று சாயங்காலமே ஆண்ட்ரூவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு வெல்டு அடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அத்தாவுல்லா திணறும்போதெல்லாம் அவருடைய உதடு தானாகத் துடிக்கும். உடனே சொம்பை எடுத்துவிடுவார். மாசக் கடைசி வரைக்கும்தானே, லிஸ்ட் வந்துவிடட்டும், அப்புறம் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். யூனியன் செயலாளர் குணசேகரன் ஒருநாள் பக்கத்தில் வந்து குந்தினார்.

“இன்னாண்ணே, டாக்டராண்ட காட்னியா?”

ஆண்ட்ரூ தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

“வேற எதுனா கீதா?” என்று குணசேகரன் தாழ்ந்த குரலில் கேட்டார். ஆண்ட்ரூ இல்லை என்று தலையாட்டினார். அதற்கப்புறம் பந்தலில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

எல்லாம் அந்தோணியார் குருசடியில்தான் கெட்டது. கல்மண்டபத்துக்குப் பின்னால், ஆண்ட்ரூ குடியிருக்கிற தெருமுனையில் இருக்கிறது அந்தக் குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருச்சனம் அங்கே மன்றாட்டு சொல்லும். முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பது, வேறு யார், ஆண்ட்ரூதான். பெண்கள் முக்காடு போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி சிலுவையம்மாள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எறா உரித்துவிட்டுக் குளித்த ஈரத்தலையோடு வந்திருந்தாள். கடைசி வரிசையில் ரேச்சல்.

லிஸ்ட் வரப்போகிற வாரம் அது. ஆண்ட்ரூவுக்குத் தன் நினைவே இல்லை. ஒவ்வொரு புனிதர் பெயராக எடுத்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். சேர்த்து வைத்திருந்த கத்தலெல்லாம் வெளியே வந்தது. “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்று தெருவே பதில் சொன்னது. முடிந்து திரும்பிப் பார்த்தால், விளக்குக் கம்பத்தடியில் அத்தாவுல்லா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

“ஸோக்கா கீது மாமு கொரலு,” என்றார். “உங்க சாமியாண்ட வர்ற கொரலு கேட்டாண்ட வர்லியா?”

“பாய், நான் சொல்றத கேளு…”

“ஒன்னியும் சொல்லாத. நான் மூச்சு இஸ்துகினு கத்திகினு கீறேன், நீ உப்புத்தண்ணி கொப்ளிச்சிகினு டபாய்க்கிறியா? ஆண்ட்ரூ வி.ஆர்.எஸ்.ல கையெழுத்துப் போட்டுட்டான்னு ஆளுங்க பேசிக்கிறாங்கோ. என் தோஸ்து அப்டிப்பட்டவன் இல்லன்னு நான் ஒவ்வொருத்தனாண்டயும் சண்ட போட்டுகினு கீறேன்.” பொட்டலத்தை ஆண்ட்ரூவின் கையில் திணித்தார். “இந்தா, சித்தரத்த. உன் தொண்டைக்கின்னு வாங்கியாந்தேன். வாயில போட்டு அடக்கிக்க.”

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்ட்ரூவுக்குச் செருப்படி வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் ரேச்சல் கதவைச் சாத்தினாள். “நைனா, உனக்குத் தொண்டைல ஒண்ணும் இல்லியா?”

இனி எதை மறைப்பது? ஆண்ட்ரூ எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல ரேச்சலின் முகம் சிவந்தது. கடைசியில் அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது.

“இதுக்கா வாய மூடிகினு இருந்த? என்னாண்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல? நான்தான் அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துட்டேனே!”

“இன்னா சொன்ன?”

“உங்கப்பா வேலைக்குப் போறாரான்னு அந்தாளு கேட்டாரு. டெய்லி போறாரு சார், நீங்கதான் கேட்ட பூட்டி வெச்சிருக்கீங்கன்னேன். வெல்ஃபேர் ஆபீசரானா இன்னா செய்வேன்னு இன்னொருத்தரு கேட்டாரு. கம்பெனில வெந்த கைய வூட்டுல வெந்துச்சின்னு எழுத மாட்டேன்னேன். இங்கிலீஷ்லதான் சொன்னேன். தப்பில்லாம சொன்னேன்.”

சிலுவையம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அய்ய, அப்பனும் பொண்ணும் ஒருத்தரயொருத்தர் காப்பாத்துன லட்சணத்தப் பாரு! ஏண்டி, இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நைனா மனசு ஒடஞ்சிடும்னு இருந்துட்டேன்.”

ஆண்ட்ரூ சித்தரத்தைத் துண்டு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். “இன்னும் லிஸ்ட் போடல பாப்பா. அந்தாளு மனசு மாறுனாலும் மாறலாம். இன்னும் நாலு நாளு கம்முனு இருந்தா…”

“வாணாம்,” என்றாள் ரேச்சல். “எனக்கு அந்த சீட்டு வேணும் நைனா. ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு வேணும். ஆனா உன் கொரல அடகு வெச்சி வாணாம். நாளைக்கு நீ கத்து. நானும் வரேன்.”

மறுநாள் காலை ரேச்சலும் பந்தலில் வந்து நின்றாள். ஆண்ட்ரூ அத்தாவுல்லாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்டர்வியூ போர்டில் யார் இருந்தது, தனக்குத் தொண்டை ஏன் கட்டியது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கார் வந்தது. ஆறுமுகநயினார் இறங்கினார். ஆண்ட்ரூ எழுந்து கழுத்துத் துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

“என்ன ஆண்ட்ரூ, தொண்டை சரியாயிடுச்சா?”

“ஆயிட்ச்சி சார்.”

பிறகு எடுத்தார். “திறந்து விடு! திறந்து விடு!” டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பந்தல் மொத்தமும் எழுந்து பதில் சொன்னது. அத்தாவுல்லா மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டே கத்தினார். ஆறுமுகநயினார் ஆண்ட்ரூவைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் கையை உயர்த்தி நின்ற ரேச்சலைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து உள்ளே போனார்.

மாசக் கடைசியில் காலேஜ் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் போட்டார்கள். ரேச்சல் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. ஆபீஸில் கேட்டதற்கு, காரணமெல்லாம் சொல்கிற வழக்கமில்லை என்றார்கள். அவள் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பந்தலுக்கு வந்தாள்.

“இல்ல நைனா.”

ஆண்ட்ரூவுக்கு அப்போதுதான் நிஜமாகவே தொண்டை அடைத்தது. அத்தாவுல்லா எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் சிலுவையம்மாள் படிகாரத் தண்ணீரில் விரல்களை ஊறவைத்துக்கொண்டே சொன்னாள்: “அடுத்த வர்சமும் எழுதிப் போடு. அதுக்கு அடுத்த வர்சமும் போடு. நமக்கு இன்னா, அவங்களுக்குத்தான் பேஜாரு.” ரேச்சல் காலையில் அம்மாவோடு எறா உரிக்கவும் மத்தியானம் பந்தலுக்குமாகப் போகத் தொடங்கினாள்.

ஜூலையில் ஒருநாள் பந்தலுக்கு முன்னால் போலீஸ் வந்து நின்றது. என்னவோ ஏதோ என்று எல்லோரும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்தது. முகப்பில், ரேச்சலுக்கு இடம் கொடுக்காத அந்தக் காலேஜின் பெயர் எழுதிய துணி கட்டியிருந்தது. முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை சுற்றிக் காட்டக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். பின்பக்கச் சந்தில் மழைத்தண்ணீரும் எண்ணெய்க் கழிவும் சேர்ந்து நிற்கிறதாம், பிள்ளைகளை அந்த கலீஜ் வழியாகக் கூட்டிப்போக முடியாதாம். திட்டிவாசலுக்கு உள்ளே ஆறுமுகநயினார் கையில் பூங்கொத்தோடு நின்றார்.

ஆண்ட்ரூ முன்னால் போனார். “திறந்து விடு! திறந்து விடு!”

“கேட்டைத் திறந்து விடு!” ரேச்சலின் கை முஷ்டியோடு மேலே போனது.

வாட்ச்மேன் பூட்டில் சாவியைப் போட்டான். சங்கிலி கழன்று விழுந்தது. பங்குனியிலிருந்து அசையாத கேட் துருச் சத்தத்தோடு இரண்டு பக்கமும் அகலத் திறந்தது. போலீஸ்காரர்கள் கழியைக் குறுக்கே பிடித்து, தொழிலாளிகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். வேன் மெதுவாக உள்ளே திரும்பியது.

ஜன்னலோரம் ஒரு பெண் இருந்தாள். இன்டர்வியூ அன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரேச்சலிடம் பேனா வாங்கி எழுதியவள். உயர்ந்திருந்த கையைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக அவளும் கையை ஆட்டினாள். வேன் உள்ளே போனதும் வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலியைப் போட்டான்.