ஒரே ஒரு ஆட்டத்துக்காக

டாக்டர் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் அருகருகே மாட்டினார். பந்து பட்டு மோதிர விரல் முறிந்த அன்று எடுத்தது ஒன்று, இன்று எடுத்தது இன்னொன்று.

"கையை மூடு பாப்போம்."

அவள் மூடினாள். மோதிர விரல் தன் வழியில் போகாமல், திரும்பிக்கொண்டு சுண்டுவிரல் மேல் ஏறி உட்கார்ந்தது.

"எலும்பு திருகினபடியே கூடிப்போச்சு. இனி தானா நேராகாது. மறுபடி வெட்டி, நேராக்கி, கம்பி வைக்கணும்," என்றார் டாக்டர். "தகடு வெச்சுப் போட்ட கட்டை நடுவுல யார் கழட்டினது?"

பயமாக இருந்தாலும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். அவள் கோல் காக்கும் கால்பந்து அணிக்கு அப்பாதான் பயிற்சியாளர். இறுதி ஆட்டத்தன்று காருக்குள் வைத்துக் கட்டைப் பிரித்தவரும் அவர்தான். "தகட்டோட போனா நடுவர் உள்ள விடமாட்டார்டா கண்ணு. ஒரே ஒரு ஆட்டம். முடிஞ்சதும் திரும்பக் கட்டிடலாம். அம்மா காதுல போட்டுடாதே." அவளும் கோலைக் காத்தாள், ரகசியத்தையும் காத்தாள். கோப்பை வீட்டுக்கு வந்தது. திரும்பச் சுற்றிய கட்டு மட்டும் பழையபடி விரலை நேராகப் பிடித்து நிற்கவில்லை.

"சொன்னா எங்க டாக்டர் கேக்கறா? அரிக்குதுன்னு இவளே கழட்டி வீசிட்டா," என்றார் அப்பா. கூசாமல் சொன்னார், மனுஷனுக்கு நாக்குகூடக் குழறவில்லை.

பின்னால் நின்ற அம்மா அவள் தோளில் ஒரு இடி இடித்தாள். "உனக்கு என்னடி அவ்வளவு திமிரு?"

அப்பா பொய் சொன்னதுகூடப் போகட்டும். தன்னை இவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில் அல்லவா சொன்னார். அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது. வீடு வரும்வரை அப்பா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்தாள். "மயக்கம் வர்ற வரைக்கும் ஒருத்தர் கூட இருக்கலாம். யார் வரீங்க?"

அப்பா முந்திக்கொண்டு எழுந்தார். "நான்தான் வரணும். அவ என் பேச்சைத்தான் கேப்பா."

"ஆமா சிஸ்டர்," என்றாள் அவள். "அவர் பேச்சைக் கேட்டுத்தான் கட்டைப் பிரிக்கக் கையை நீட்டினேன். எங்கம்மா வரட்டும்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு நடந்தாள்.