பெருவிரல் சொன்ன பெயர்

யாருடைய படங்களைப் போனில் ஓயாமல் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமோ, அவர்களுடைய ரேகை நம் பெருவிரலில் ஏறிவிடும். ஏறிய வாரத்துக்குள் அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களாக இருக்க வேண்டியதுதான். தென்காசிப் பக்கம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படிப் போகிறவர்கள், மீதிப் பேர் இப்படி வந்தவர்கள். வகுப்பில் தலைக்கணக்கு சரியாக இருப்பதால் ஆசிரியர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

கனிஷ்காவுக்கு அது திங்கட்கிழமை ரேஷன் கடையில் தெரிந்தது. அவளுடைய அம்மா செல்வராணி பீடி சுற்றுகிறவள். இலையைத் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரலில் ரேகையே போய்விட்டது. அதனால் மெஷினில் விரல் வைக்க எப்போதும் கனிஷ்காதான் போவாள். கடைக்காரர் சுடலைமுத்து திரையைப் பார்த்தார்.

"ரிதன்யா, கோயம்புத்தூர். ஒனக்கு அரிசி அங்கதாம்மா. அடுத்த ஆளு வாங்க."

எதிர்பார்த்ததுதான். ரிதன்யாவின் ஜன்னல், ரிதன்யாவின் பூனை, ரிதன்யாவைச் சுற்றிச் சிரிக்கும் நான்கு தோழிகள் என்று இரண்டு வருடமாக அவள் பார்த்துத் தீர்த்திருந்தாள். பார்க்கும்போதெல்லாம் போனைக் கட்டிலில் வீசுவாள். அது குதித்து அடங்குவதற்குள் எடுத்துவிடுவாள். அவள் நாலு நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்து நாளாயிற்று.

வீட்டில் சொன்னபோது அம்மா இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். "ஒன் எடத்துக்கு யாருட்டி வாரா?"

அதை அவள் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் வராவிட்டால் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் அட்டையிலும் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு அப்படி ஒருத்தி இருந்ததாகவே ஆகாது. கனிஷ்கா இதுவரை போட்டது பதினோரு படம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு இதயம்தான் விழும், முகத்துக்குப் பதில் செம்பருத்திப் பூவை வைத்திருக்கும் யாரோ ஒருவரிடமிருந்து.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். வெளியூர்ப் பிள்ளைகள் பையோடு இறங்கி வழி கேட்டார்கள். யாரும் அவள் வீட்டுக்கு வழி கேட்கவில்லை. கூடப் படிக்கும் ஷிபானாவிடம், "என் படத்தக் கொஞ்சம் பாரேன்" என்று கெஞ்சினாள்.

"பாக்கேன். ஆனா நாளைக்கு நானே வேற ஆளு, பிள்ள," என்றாள் ஷிபானா.

கனிஷ்காவுக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்திலும் போனை எடுத்து ரிதன்யாவின் பூனையைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "வா, கடைக்குப் போவோம்" என்றாள். ஒன்பது வருடமாக அவளைக் கண்டுகொள்ளாத மெஷினில் தன் வழவழத்த பெருவிரலை வைத்தாள்.

"கனிஷ்கா," என்று வாசித்தார் சுடலைமுத்து. "இதே தெருதான்." அரிசியை நிறுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் அம்மா, "அந்தச் செம்பருத்தி நான்தாம்ட்டி," என்றாள். "நீதான் வீட்ல மூஞ்சியக் காட்டவே மாட்டேங்கியே. அதுலதான் பாக்க முடிஞ்சுது."

கனிஷ்காவுக்கு அழுகை வந்தது. அரிசிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா ரெட்டைச் சடை போட்டு, யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் போனாள். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பீடித்தட்டு பாதி வேலையில் கிடந்தது. ஒரு கட்டு சுற்றிவிட்டுப் போகலாம் என்று கனிஷ்கா உட்கார்ந்தாள். இலை சொரசொரவென்று விரலில் உராய்ந்தது. மூன்றாவது கட்டு முடிவதற்குள் விரலில் ரிதன்யா தேய்ந்துபோனாள். பஸ் போயிருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் அம்மா வந்தாள். பையை எறிந்தாள். போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"பரீட்ச எப்பிடி?" என்றாள் கனிஷ்கா.

அம்மா படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"சோறு போடட்டா?"

"சும்மா இரும்மா," என்றாள் அம்மா.

கனிஷ்கா கையில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தாள். தன் போனை எடுத்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிச்சிப்பூவை வைத்தாள்.