ஐந்தாம் தேதிக் கையெழுத்து

நீதிமன்றச் சமரச மையத்தின் பெஞ்சில் அமுதவல்லி மடியில் ஒன்பது நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளுடையவை. காலையில் கருவடிக்குப்பத்தில் பஸ் ஏறும் முன்பு மகளின் பள்ளிப் பையிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தாள்.

"பாடம் நடத்தவா வந்திருக்க?" என்றான் கணவன் ஜானகிராமன், காலை நீட்டியபடி.

"உன் கால்ல வெச்ச தகட்டுக்கு வந்திருக்கேன். வாய மூடு."

மில் மூடியபின் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தவன் அவன். ஓட்டலில் துணி வெளுக்கும் அவளுக்குச் சம்பளக் கணக்கோடு வந்த கிரெடிட் கார்டில்தான் ஆஸ்பத்திரியில் நாற்பதாயிரம் தேய்த்தார்கள். இப்போது அந்தச் சம்பளக் கணக்கையே முடக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். சமரசம் பேசும் வக்கீல் கவிநிலா நடுவில் இருந்தார். எதிரே லேப்டாப்போடு வங்கி அதிகாரி வினோத்குமார்.

"வட்டி, அபராதம் எல்லாம் சேத்து ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் பாக்கி," என்றார் அவர்.

"ஒம்பது மாசம் கட்டினேன் சார். வசூலுக்கு வர்ற ராஜா தம்பிகிட்ட, மாசம் மூவாயிரம். அஞ்சாந்தேதி ஆனா வந்து நிப்பான். மோர் இருக்கா அக்கான்னு கேட்டுக் குடிச்சிட்டுத்தான் போவான்."

"ரசீது?"

"மிஷின் ரிப்பேருன்னான். பால் கணக்கு எழுதுற காலண்டர்லயே கையெழுத்துப் போட வெச்சேன்."

போன வருஷத்துக் காலண்டர் தாள்கள்தான் நோட்டுகளுக்கு அட்டையாகியிருந்தன. வெள்ளைப் பக்கம் வெளியே. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் விரித்தாள். பால் கோடுகளுக்கு நடுவே, ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஐந்தாம் தேதிகளில் நீல மையில் ராஜா.

கவிநிலா தாள்களைக் குனிந்து பார்த்தார். "சார், உங்க ரெக்கார்டுல அந்த ஆள் இவங்க வீட்டுக்குப் போன தேதி இருக்குமே?"

வினோத்குமார் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தார். "ஜனவரி அஞ்சு, வீடு பூட்டியிருந்தது. பிப்ரவரி அஞ்சு, வீடு பூட்டியிருந்தது. மார்ச் அஞ்சு..."

செப்டம்பர் வரை அதையே படித்தார்; பணம் வந்ததாக ஒரு வரிகூட இல்லை. அமுதவல்லி தாளில் ராஜாவின் கையெழுத்து மேல் விரலை வைத்தாள். மோர் குடித்த சொம்பைக் கழுவிக்கூட வைத்துவிட்டுப் போனவன்.

"உள்ள வந்து உக்காந்திருந்தான் சார்," என்றாள்.

"அவன் ஏஜென்சி ஆளும்மா, பேங்க் ஆளு இல்ல. வேலைய விட்டு நின்னே ஒரு வருஷமாச்சு." அவர் மறுபடி திரையைப் பார்த்தார். "ஒவ்வொரு தடவ வந்ததுக்கும் முந்நூத்தம்பது ரூபா சார்ஜ் ஏறியிருக்கு. அத வேணா தள்ளிடுறேன்."

"பூட்டின வீட்டுக்கு வந்த கூலியா?" என்றான் ஜானகிராமன்.

"ராஜா மேல போலீஸ்ல புகார் குடுங்கம்மா. அது தனி," என்றார் கவிநிலா. "இங்க முடிக்கணும்னா எழுபதாயிரம், ஏழு தவணைங்கறாங்க. ஒத்துக்கலன்னா கேஸ் திரும்பக் கோர்ட்டுக்குப் போவும். கட்டாயம் இல்ல."

"சம்பளம்?"

"கையெழுத்துப் போட்டா கணக்க முடக்க மாட்டோம்," என்றார் வினோத்குமார்.

போட்டாள். பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று.

வினோத்குமார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்ற பியூனிடம் செல்போனைக் கொடுத்தார். ஒப்பந்த நகலின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார்.

"ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும். சுமுகமா முடிஞ்சதுன்னு."

அவள் தாளையே குனிந்து பார்த்ததில் படம் இரண்டு முறை சரியாக வரவில்லை.

"கொஞ்சம் சிரிங்கம்மா," என்றார் வினோத்குமார்.