விடுப்பில் இருந்த ஸ்பீக்கர்

என் மகளின் பேச்சு மேல்வீட்டு ஏகாம்பரத்தின் வாய்வழியாக வரத் தொடங்கியது ஆயுத பூஜைக்குப் பிறகா, தீபாவளிக்குப் பிறகா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நான் படிப்பவன். படித்ததும் நடந்ததும் எனக்குள் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. மனைவி செண்பகத்தைக் கேட்டால் தீபாவளி என்பாள். எதைக் கேட்டாலும் தீபாவளி என்பாள்.

மகள் அகிலா டென்மார்க்கில் வேலை பார்த்தாள். ஞாயிறு மாலை கணினியில் கூப்பிடுவாள். அன்று திரையில் அவள் வாய் அசைந்தது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. மேல்மாடியிலிருந்து கனத்த ஆண்குரல் ஒன்று, "அம்மா, சாப்ட்டியாம்மா?" என்று கேட்டது.

செண்பகம் அண்ணாந்து பார்த்து, "ஆச்சுடி" என்றாள்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒலியளவைக் கூட்டினேன். அது ஏற்கெனவே கூடித்தான் இருந்தது. ஸ்பீக்கர் வயரின் பச்சை முனையைப் பிடுங்கி மறுபடி செருகினேன். இடது ஸ்பீக்கரை ஒரு தட்டு தட்டினேன். வலது ஸ்பீக்கர் சற்று விலகிக்கொண்டது.

சத்தம் எதன் வழியாக வர வேண்டும் என்று கணினி கேட்கும் இடத்தைத் திறந்தேன். அங்கே இரண்டு பெயர்கள் இருந்தன. 'ஸ்பீக்கர்: விடுப்பில்.' 'ஏகாம்பரம், மூன்றாம் மாடி: தயார்.'

அதற்குள் ஏகாம்பரமே இறங்கி வந்துவிட்டார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். பெரிய மீசை.

"என்ன சார் இது. எனக்கு டென்மார்க்ல யாரையும் தெரியாது."

"மன்னிக்கணும் சார்."

"போன வாரம் நீங்க பட்டிமன்றம் பாத்தீங்க. ரெண்டு அணியும் நானே பேசினேன். எதிரணிதான் நல்லா பேசுச்சுன்னு என் வீட்டுக்காரி இன்னும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறா."

"உக்காருங்கண்ணே. காபி போடட்டுமா?" என்றாள் செண்பகம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று வந்தது.

திரையில் அகிலா சிரிக்கவில்லை. அவள் உதடுகள் மேலும் அசைந்தன. ஏகாம்பரம் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கண்கள் பெரிதாயின. வந்த கேள்வியை அப்படியே விழுங்கினார்.

"சொல்லுங்க சார்" என்றேன்.

"மாட்டேன்."

"ஏன்?"

"பொண்ணு அப்பன்கிட்ட கேக்குற கேள்வி. மீசைய வச்சுக்கிட்டு நான் கேக்கக் கூடாது. உங்க ஸ்பீக்கருக்கே திருப்பி அனுப்பிட்டேன். அது வேலைக்குத் திரும்பினதும் கேட்டுக்குங்க."

திரையில் அகிலா என் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு திரையில் யாரும் இல்லை.

செண்பகம் ஸ்பீக்கரின் அருகே குனிந்து பார்த்தாள். பூஜையில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம்.

"பூஜைக்கு மறுநாள் இத வடக்க நகத்துனீங்களா?"

"நீ நகத்துனேன்னு நான் நெனச்சேன்."

"நீங்க நகத்துனீங்கன்னு நான் நெனச்சேன்."

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையில் வைத்த எதையும் அன்று தொடமாட்டோம். மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, ஒவ்வொன்றையும் வடக்கே கொஞ்சம் நகர்த்த வேண்டும். அதன் பிறகே அது வேலைக்குத் திரும்பும். அரிவாள்மனை திரும்பியிருந்தது. தையல் மிஷின் திரும்பியிருந்தது.

"பாவம், யாரும் கூப்பிடாம அது எப்படி வரும்?" என்றாள் செண்பகம்.

கற்பூரம் ஏற்றினோம். ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மற்ற மூன்று பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வடக்கு இல்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வின்சென்ட்டைப் பார்க்க மூவரும் போனோம். அவர் அலுவலகம் கீழ்த்தள வராந்தாவின் கோடியில் இருந்தது. நடக்க நடக்க வராந்தா நீண்டது. வழியில் ஏகாம்பரம் ஒருமுறை சவரம் செய்துகொண்டார். மீசையை விட்டுவிட்டார்.

வின்சென்ட் தலை நிமிராமல், "சி பிளாக்குக்கு வடக்கு இன்னும் ஒப்படைக்கல" என்றார்.

"குடிவந்து எவ்ளோ நாளாச்சு" என்றேன்.

"கிழக்கு குடுத்திருக்கோம்ல? அத வச்சு சமாளிங்க."

"இவர் பொண்ணு ஒரு கேள்வி கேட்டிருக்கு" என்றார் ஏகாம்பரம். "நல்ல கேள்வி."

வின்சென்ட் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"மொட்டை மாடில தண்ணித் தொட்டிக்கு அடில பொது வடக்கு ஒண்ணு இருக்கு. வேலை முடிஞ்சதும் மூடி வைங்க. ஏ பிளாக்காரங்க தொறந்து போட்டுட்டுப் போயிடறாங்க. குளிருது."

தொட்டிக்கு அடியில் மூடியைத் திறந்தால், வடக்கு நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. செண்பகம் கற்பூரம் காட்டினாள். ஸ்பீக்கர்களை அதன் பக்கம் விரற்கடை அளவு நகர்த்தினேன். இடதுபுறத்து ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். அது வேலையில் கறாரானது. விடுபட்ட சத்தங்களை எல்லாம் பூஜை நாளிலிருந்து வரிசையாகப் போடத் தொடங்கியது. சமையல் குறிப்பு. விளம்பரங்கள். பட்டிமன்றம். ஏகாம்பரம் அதை முழுவதும் கேட்டார்.

"எதிரணி நல்லாத்தான் பேசிருக்கு" என்றார்.

பட்டிமன்றம் முடிவதற்குள் அகிலாவே பெட்டியோடு வந்துவிட்டாள். நான் பதில் சொல்லாததால் வந்தாளாம்.

"என்னம்மா கேட்டே?"

"அதான் கேட்டுட்டேனேப்பா. வரிசைல இருக்கு. திரும்பச் சொன்னா ரெண்டு தடவை கேட்ட மாதிரி ஆயிடும்."

நால்வரும் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எந்தச் சத்தத்திலும் நான் படிப்பேன். ஆனால் அன்று மடியில் இருந்த புத்தகத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை.

கடைசியில் அந்த ஞாயிறு வந்தது. அகிலாவின் குரலிலேயே வந்தது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேலை போயிடுச்சுப்பா. நான் அங்கயே வந்துடட்டுமா?"

அகிலா என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குரல் நல்லாருக்கு. எங்கிட்ட இப்படி வரல" என்றார் ஏகாம்பரம்.

"வா" என்றேன்.

"கேட்டது கம்ப்யூட்டர்லப்பா. பதிலும் அது வழியாத்தான் வரணும்" என்றாள் அகிலா, அசையாமல். இன்னொரு முறை சொன்னேன். அப்போதுதான் கணினிக்கு மேலே இருந்த மைக்கைப் பார்த்தேன். அதிலும் சந்தனம். அதிலும் குங்குமம். அதை யாரும் மாடிக்குக் கொண்டுபோகவில்லை.

மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். தொட்டிக்கு அடியில் வடக்கு பூட்டியிருந்தது. நாங்கள் அதை மூடாமல் வந்துவிட்டோமாம்.

ஏகாம்பரம் இப்போது தன் வீட்டில் தன் பேச்சையே பேசுகிறார். அவர் மனைவி அதையும் எதிரணி என்றே நினைக்கிறாள். வின்சென்ட் வடக்கின் சாவியை ஏ பிளாக்கில் கொடுத்துவிட்டார். செண்பகம் மைக்கின் குங்குமத்தைத் துடைக்க விடமாட்டேன் என்கிறாள். அகிலா உள்ளறையில் இருக்கிறாள். எங்களோடுதான் சாப்பிடுகிறாள். பதில் வரட்டும் என்று பெட்டியை இன்னும் திறக்கவில்லை. நான் தினமும் மைக்கின் முன்னால் உட்கார்ந்து "வா" என்கிறேன். எல்லாம் வரிசையில் இருக்கின்றன.